டெல்லி வெயிலுக்கு ஒரு பெட்டி: ஊரிலிருந்து எதைக் கொண்டு வருவது, இங்கே எதை வாங்குவது?

அண்ணன் மகளுக்கு நொய்டாவில் வேலை கிடைத்திருக்கிறது. மே முதல் வாரத்தில் சேர வேண்டும். டெல்லி முனிர்க்காவில் மூன்றாம் மாடியில் ஓர் அறை பார்த்து முன்பணமும் கொடுத்தாயிற்று. அங்கிருந்து மெஜந்தா லைன் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நொய்டாவில் இருக்கும் பொட்டானிக்கல் கார்டன் ஸ்டேஷன் வரை போய்விடலாம். போன வாரம் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தாள். "அத்தை, அம்மா பாசிப்பயறு மாவு, எண்ணெய், மை, கம்பு, கருப்பட்டின்னு எடுத்து வச்சுக்கிட்டே இருக்காங்க. எனக்கு இருக்கிறது ஒரே பெட்டி. எதைக் கொண்டு வரட்டும், எதை அங்கே வாங்கிக்கட்டும்?"

நான் பதினெட்டு வருஷமாக ஆர்.கே.புரத்தில் இருக்கிறேன். முதல் இரண்டு கோடையிலும் ஊரில் செய்ததையே இங்கேயும் செய்தேன். முகம் செதில் செதிலாக உரிந்தது, மதியச் சாப்பாடு டப்பாவிலேயே புளித்துப் பொங்கியது. அந்தக் கஷ்டம் அவளுக்கு வேண்டாம் என்றுதான் நிதானமாக யோசித்துப் பதில் சொன்னேன். மே, ஜூனில் முதல்முறையாக இங்கே வரும் நம்மூர்ப் பெண்களுக்கும் உதவும் என்பதால் அதையே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. டெல்லியில் கோடை இரண்டு. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் கடைசி வரை காய்ந்த கோடை. மேற்கிலிருந்து லூ என்கிற அனல்காற்று வீசும். வெயில் 45 டிகிரியைத் தொடும்; 2022 மே மாதம் முங்கேஷ்பூரில் 49.2 டிகிரி பதிவானது. காற்றின் ஈரப்பதம் மதியத்தில் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்குவது சகஜம். வேர்வை கண்ணுக்குத் தெரியும் முன்பே காய்ந்துவிடும், அதனால் வேர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். ஜூன் கடைசியில் மழை வந்துவிட்டால் ஜூலையும் ஆகஸ்டும் ஊரைப் போலவே கசகசப்பு. தூத்துக்குடிப் பெண்ணுக்கு இந்த இரண்டாவது கோடை பழக்கம்தான். முதலாவதுதான் புதுசு. கடற்கரை ஊரில் நாம் பூசுகிற, தேய்க்கிற பொருள்களில் பாதி, பிசுக்கை எடுப்பதற்கென்றே ஏற்பட்டவை. இங்கே மே மாதத்தில் எடுப்பதற்குப் பிசுக்கே இருக்காது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இது தோலின் ஈரத்தைக் காக்குமா உறிஞ்சுமா என்று கேட்டுப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பாசிப்பயறு மாவிலேயே ஆரம்பிக்கிறேன், எனக்கும் அண்ணிக்கும் வாக்குவாதம் வந்தது அதில்தான். அண்ணி திரிக்கிற மாவில் பயறோடு கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு எல்லாம் உண்டு. டப்பாவைத் திறந்தாலே அறை முழுக்க மணக்கும். ஊரில் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் மாவு எண்ணெயை உறிஞ்சும். ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் தோலில் தினம் இரண்டு வேளை தேய்த்தால் மூக்கோரத்திலும் கன்னத்து மேட்டிலும் முதலில் வெள்ளையாகப் பொடி தட்டும், அப்புறம் எரியும். சோப்பு அதைவிடக் கடுமை. சோப்பின் பி.எச். 9, 10 என்று காரமாக இருக்கும். நம் தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். போதாததற்கு டெல்லியில் பல காலனிகளில் வருவது கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாகிவிடும். வாளியின் உள்பக்கம் வளையமாகப் படிந்திருக்குமே, அதே படிவு தோலிலும் தலைமுடியிலும் தங்கும்.

அதனால் காய்ந்த கோடைக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. மருந்துக்கடையில் சோப்பு சேராத, நுரை குறைந்த கிளென்சர் என்று கேட்டு ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். காலையில் வெறும் தண்ணீர், மாலையில் இந்த கிளென்சர். முகத்தைத் துவாலையால் ஒற்றி, ஈரம் முழுசாகக் காயும் முன்பே வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசர். பாசிப்பயறு மாவை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. கால் கிலோ கொண்டு வரட்டும். மே, ஜூனில் வாரம் ஒருநாள், அதுவும் தண்ணீருக்குப் பதில் பாலாடையில் குழைத்துப் பூசி, இறுகிக் காயும் முன் கழுவிவிட வேண்டும். இங்குள்ள தோழிகள் முல்தானி மிட்டி என்கிற களிமண்ணைச் சிபாரிசு செய்வார்கள். அது மாவைவிடவும் உறிஞ்சும். மழை வரும்வரை அதன் பக்கம் போகவே வேண்டாம்.

சன்ஸ்க்ரீன் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஜெல்தான் அத்தை ஒட்டாம இருக்கு" என்றாள். உண்மைதான், ஊரில் ஜெல்தான் சரி. ஆனால் ஜெல்களில் பலவற்றில் சட்டென்று காய்வதற்காக ஆல்கஹால் சேர்ப்பார்கள். இங்கே மே மாதத்தில் அதைப் பூசினால் மதியத்துக்குள் முகம் இழுத்துப் பிடிக்கும். க்ரீம் வடிவில் உள்ளது மாய்ஸ்சரைசர் வேலையையும் கொஞ்சம் சேர்த்துச் செய்யும். ஜிங்க் ஆக்சைடு சேர்ந்த மினரல் வகை இன்னொரு வழி. எதைப் பூசினாலும் அரிக்கிற தோலுக்கு அதுதான் சாது. ஆனால் நம் நிறத்தில் சாம்பல் பூசியது போல நிற்கும். அதற்கு வழி நிறம் சேர்த்த மினரல் சன்ஸ்க்ரீன். அதில் சேரும் இரும்பு ஆக்சைடு நிறத்துக்காக மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு அந்த வெளிச்சமும் ஆகாது என்பதால் அவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். அண்ணன் மகளுக்கு மங்கு கிடையாது, அவளுக்கு க்ரீம் போதும்.

எஸ்.பி.எஃப். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 30 என்றால் தோலைச் சுடும் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். கறுப்பையும் சுருக்கத்தையும் கொண்டுவரும் ஏ வகைக் கதிருக்கு, பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எத்தனை பிளஸ் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று இருக்கட்டும். எல்லோரும் தவறுவது அளவில். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு பிதுக்கினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கடலை அளவு எடுத்துத் தடவினால் 50 என்று எழுதியிருப்பதில் அர்த்தமே இல்லை. வெளியில் அலைகிற நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அவளுக்கு வெயில் என்பது ஸ்டேஷனுக்கு நடக்கிற பத்து நிமிஷம், திரும்புகிற பத்து நிமிஷம். அதனால் காலையில் ஒருமுறை தாராளமாக, மாலை கிளம்பும் முன் ஒருமுறை. இதை இங்கேயே வாங்கலாம், பெட்டியில் இடத்தை அடைக்க வேண்டாம். "தேங்காய் எண்ணெய் தேய்ச்சாலே வெயில் அடிக்காது" என்பது அண்ணியின் நம்பிக்கை. அண்ணி சொல்லை நான் தட்டுவதே கிடையாது, ஆனாலும் இதில் மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எண்ணெய் தோலை மெத்தென்று வைக்கும், வெயிலைத் தடுக்காது. இங்குள்ள பெண்கள் முகத்தைச் சுற்றிக் கட்டும் பருத்தித் துப்பட்டா அதைவிட நல்ல காப்பு.

எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெயா நல்லெண்ணெயா என்றால், தினசரிக்குத் தேங்காய் எண்ணெய். அதிலுள்ள லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு என்பதால் முடியின் உள்ளே இறங்கும். ஆனால் ஊரில் செய்வது போல எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு ஆபீஸ் போனால் லூ அள்ளி வரும் புழுதியெல்லாம் தலையில்தான் உட்காரும். முதல் நாள் இரவு வைத்து, காலையில் அலசிவிட வேண்டும். நல்லெண்ணெய்க் குளியல் சனிக்கிழமை உண்டு, அதை விடாதே என்றேன். நேரம் மட்டும் கவனம். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் கொதிக்கும். குழாயைத் திறந்து கையை நீட்டினால் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முந்தின இரவே இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்வதுதான் இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். நல்லெண்ணெய் அரை லிட்டர் ஊரிலிருந்து வரட்டும், செக்கில் ஆட்டியதன் மணம் இங்கே கிடைப்பது அரிது. தேங்காய் எண்ணெய் எல்லாக் கடையிலும் இருக்கிறது.

கண் மை எதுவானாலும் சரி. காய்ந்த காற்றில் அது கலையாது, ஜூலையில்தான் வழியும்.

பொட்டு அப்படியில்லை. ஸ்டிக்கர் பொட்டு வேண்டுமா, குங்குமமா, சாந்தா என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். காலையில் நெற்றியில், இரவு குளியலறைக் கண்ணாடியில், மறுநாள் அதே பொட்டு திரும்ப நெற்றியில் என்று வருஷக்கணக்காக ஓட்டியவள் நான். ஒரு கோடையில் பொட்டை எடுத்த இடம் வட்டமாக அரித்தது. ஒரு மாதத்தில் அந்த வட்டம் மட்டும் வெளுக்க ஆரம்பித்தது. தோல் டாக்டரம்மா பார்த்ததும் சொல்லிவிட்டார்: சில ஸ்டிக்கர்களின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம், நிறம் தரும் செல்களையே கெடுக்கக்கூடியது. ஆரம்பத்திலேயே நிறுத்தியதால் எனக்கு மெல்ல நிறம் திரும்பியது, எல்லோருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் அரிப்பு தொடங்கிய அன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட வேண்டும். குங்குமத்திலும் நல்லது கெட்டது உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்தால் வரும் சிவப்பு அடங்கியிருக்கும். பளீரென்று ரத்தச் சிவப்பாக இருந்தால் சாயம் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அண்ணி வீட்டில் செய்கிற குங்குமம் ஒரு சின்ன டப்பா, அதைப் பெட்டியில் முதலில் வைக்கச் சொன்னேன். காய்ந்த நெற்றியில் உதிராமல் நிற்க, அடியில் கடுகளவு வெண்ணெய்.

அடுத்தது வெட்டிவேர். இதை இங்கே கஸ் என்பார்கள். கூலரின் ஓரங்களில் தட்டியாக வைத்திருந்தால், நனைந்ததும் வீடு முழுக்கப் புது மழை பெய்தது போல மணக்கும். கடையில் பச்சை நிறத்தில் விற்கும் கஸ் சர்பத்தில் பெரும்பாலும் சர்க்கரையும் வண்ணமும்தான். நாலு இழை வேரைக் கழுவி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைப்பதற்கு அது இணையாகாது. ஒரு பிடி வேர் கொண்டு வந்தால் எடையே தெரியாது. பானையை முனிர்க்காவிலேயே சாலையோரம் அடுக்கி வைத்து விற்பார்கள். குழாய் வைத்த பானையாகப் பார்த்து வாங்க வேண்டும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பானைத் தண்ணீர் குளிரும். இந்த விஷயத்தில் லூ நமக்கு உதவி.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மூன்றாம் மாடி, மேலே வெயில் காயும் மொட்டைமாடி, ஒற்றை அடுப்பு. அந்த அறையில் காலை எட்டு மணிக்கு மேல் அடுப்புப் பக்கம் நிற்க முடியாது. அதனால் என்ன சமைப்பது என்பதைவிட எவ்வளவு நேரம் தீ எரிய வேண்டும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலைக்குக் கம்பங்கூழா, சத்துவா? சத்து என்பது பீகார், கிழக்கு உத்தரப்பிரதேசக்காரர்களின் வறுத்த கொண்டைக்கடலை மாவு. நம் பொட்டுக்கடலை மாவுக்கு நெருங்கின உறவு, பெயரும் நம் சொல் போலவே இருக்கிறது. 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி மாவு, எலுமிச்சை, கறுப்பு உப்பு, வறுத்த சீரகப் பொடி, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். தீயே வேண்டாம், மூன்று நிமிஷம். கூழுக்கு முந்தின மாலை கம்பை மிக்ஸியில் உடைத்து, இருபது நிமிஷம் கிண்டி, ஆறவைத்து, காலையில் மோர் விட்டுக் கரைக்க வேண்டும். வயிறு குளிர்வதில் எனக்குக் கூழ்தான். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு செம்பு குடித்தால் பன்னிரண்டு மணி வரை பசி தெரியாது. ஆனால் இங்கே கம்பைச் சூடு என்று சொல்லிக் குளிர்காலத்தில் ரொட்டியாகத் தட்டுவார்கள். மே மாதத்தில் கம்பு மாவு கேட்டால் பழைய சரக்குதான் கைக்கு வரும். கம்பு மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும். ஆகவே அண்ணி மாவாக அரைத்து அனுப்பக் கூடாது, முழுக் கம்பாக ஒரு கிலோ அனுப்ப வேண்டும். வேலை நாளில் சத்து, சனி ஞாயிறில் கூழ் என்று பிரித்துக்கொடுத்தேன்.

மாலை வீடு திரும்பியதும் குடிப்பதற்குப் பானகமும் உண்டு, ஆம் பன்னாவும் உண்டு. கருப்பட்டி, எலுமிச்சை, சுக்கு, ஏலம் சேர்ந்த பானகம் நம்முடையது. பச்சை மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ பிசைந்து, வெல்லம், புதினா, சீரகம், கறுப்பு உப்பு சேர்ப்பது இவர்களுடையது. உப்பு சேர்கிறது என்பதால் வெயிலில் அலைந்த உடம்புக்கு ஆம் பன்னா ஒரு படி மேல். பானகத்திலும் ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது. கருப்பட்டி அரைக் கிலோ வரட்டும். எல்லாவற்றையும்விட நீர்மோர் மலிவு, சர்க்கரையும் இல்லை. ஆனால் தலைசுற்றல், வாந்தி என்று வந்துவிட்டால் இவை எதையும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து, அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் குடிக்க வேண்டும். வேர்வை நின்று உடம்பு நெருப்பாகக் கொதித்தால், பேச்சு குழறினால், உடனே ஆஸ்பத்திரிக்கு. நாலு பாக்கெட் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும் என்றேன்.

மதியத்துக்குப் பழையதா, தயிர்சாதமா? பழைய சோறு பிடித்த குடும்பம் எங்களுடையது. ஊரில் இரவு தண்ணீர் ஊற்றினால் காலையில் இதமான புளிப்போடு இருக்கும். இங்கே ஜூன் இரவில் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள் உண்டு, மாடி அறையில் அதற்கும் மேலே. மாலை ஏழு மணிக்கு ஊற்றியது காலையில் மூக்கைத் துளைக்கும். சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் சாயங்காலம் முழுக்க வெளியே வைப்பது இன்னும் ஆபத்து. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகி நஞ்சைச் சுரக்கும், பிறகு எத்தனை முறை சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் பழையது வேண்டுமென்றால் இரவு சமைத்து, ஆறியதும் தண்ணீர் ஊற்றி, கூலர் காற்று படும் இடத்தில் மண்சட்டியில் வைத்து, காலை ஏழுக்குள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். டப்பாவில் கட்டக் கூடாது.

டப்பாவுக்குத் தயிர்சாதம்தான். அதற்கும் பக்குவம் உண்டு. சோற்றைச் சூடாக இருக்கும்போதே கரண்டியின் அடிப்பக்கத்தால் குழைய மசித்துவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கப் சோற்றுக்கு ஒன்றரை கப் காய்ச்சிய பால். இப்போது பார்த்தால் கஞ்சி போல ஓடும், பயப்பட வேண்டாம். உறைக்கு ஊரில் இரண்டு கரண்டி தயிர் விடுவோம், இங்கே மே மாதத்தில் அரை ஸ்பூன் போதும். எட்டரைக்கு மூடிய டப்பாவை ஒரு மணிக்குத் திறந்தால், சோறு பாலை முழுக்கக் குடித்து, புளிப்பே ஏறாமல் வெண்ணெய் போலத் தளர்ந்து இருக்கும். உப்பையும் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலைத் தாளிப்பையும் காலையிலேயே சேர்த்துவிடலாம். வெள்ளரியையும் மாதுளையையும் மட்டும் தனியாக எடுத்துப் போய்ச் சாப்பிடும்போது கலக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ளத் துவையல். பீர்க்கங்காய் இங்கே தோரி, சுரைக்காய் லௌகி. இரண்டும் மே மாதத்தில் மலிவு. பீர்க்கந்தோலை வதக்கி உளுந்து, மிளகாய், புளி வைத்து அரைக்க ஐந்து நிமிஷம். சுரைக்காயைப் பாசிப்பருப்போடு குக்கரில் கூட்டாக வைத்தால் இரண்டு விசில். டெல்லியில் பலர் காலையில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடிப்பார்கள், அழகுக்கு நல்லது என்று இவளிடமும் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். 2010-ல் இதே டெல்லியில் கசப்பேறிய சுரைக்காய்ச் சாறு குடித்த ஓர் அறிவியலாளர் இறந்துபோனார். குகர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள்தான் காரணம், சமைத்தாலும் அது போகாது. நறுக்கினதும் நுனியில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயையே தூக்கிப் போட்டுவிட வேண்டும். முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட் இருக்கிறது, அதையெல்லாம் பெட்டியில் வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்றையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் பெரிய மழை பெய்து, கூலர் போட்டாலும் அறை புழுங்குகிற நாள் வரும். அன்றைக்கு க்ரீம் சன்ஸ்க்ரீனை உள்ளே வைத்துவிட்டு அவளுடைய ஜெல்லை எடுக்க வேண்டும். பாசிப்பயறு மாவு வாரம் மூன்று நாள் ஆகலாம். மாவு தீர்ந்துபோனால் ஆகஸ்டில் நான் ஊருக்குப் போய் வரும்போது வாங்கி வருகிறேன், அண்ணியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.